தீவாந்தரம் எந்த ஊர்?

11-6-1967, ஞாயிறு

மெட்ராஸ் கப்பலில் ஒருவழியாகப் பார்சல் வந்தது. தம்பி கிருஷ்ணமூர்த்தி மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறான். பதினைந்து வயதில் சோறு தண்ணீர் இல்லாமல் நான் படித்த அதே நாவல். போன நூற்றாண்டுச் சரக்கு. முதல் தாளைக் காணோம். தலைப்பில் ஒரு 'அல்லது' இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் அனுப்புடான்னா குப்பையை அனுப்பியிருக்கான்" என்றார். ரோடு போடுகிற இலாகாவில் இருப்பவருக்கு நாவல் குப்பைதான்.

14-6-67

எரிச்சலாக வருகிறது. இதற்காகவா அன்று தலையணை நனைய அழுதேன்? கதாநாயகி கமலலோசனி பக்கத்துக்குப் பக்கம் மூர்ச்சையாகி விழுகிறாள். அவள் விழும்போதெல்லாம் ஆசிரியர் கதையை அப்படியே நிறுத்திவிட்டுப் பெண்கள் ஒழுக்கம் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். ஐம்பது வயதில் எனக்குப் பிரசங்கமா? வெள்ளெழுத்துக் கண்ணாடி வேறு பற்றவில்லை. மழையில் அட்டை பூஞ்சை பிடித்து நாறுகிறது.

15-6-67

மூடி வைத்துவிட்டேன்.

19-6-67

மூடினதை நாகரத்தினம் திறக்க வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. அந்தமானில் இந்தப் புரோத்ராபூரில் எனக்கென்று இருக்கிற ஒரே பேச்சுத் துணை. தீவிலேயே பிறந்த குடும்பம், 'லோக்கல் பார்ன்' என்பார்கள். அவள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாக வந்து இறங்கியவர். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் இந்தி.

"அரே அக்கா, சும்மா வெச்சிருக்கறதுக்கு எனக்குப் படிச்சுக் காட்டேன்" என்று பாக்கு முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வாய்விட்டுப் படித்தால் அவ்வளவு மோசமில்லை. பிரசங்கங்களைத் தாண்டிவிடுகிறேன்.

26-6-67

"இவ ஏன் அக்கா விழுந்துகிட்டே இருக்கா? ரத்தம் கம்மியா?" என்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

அவளுக்குப் பிடித்தது உத்தண்டம்தான். திருடன், வாய்த்துடுக்கு, ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பவன். "இவன் வந்தாத்தான் கதை நடக்குது" என்கிறாள். வாஸ்தவம்.

3-7-67

வாய் முந்திக்கொண்டது. முன்கூட்டியே ஒரு தடவை பார்த்து வைத்திருக்கக் கூடாதா நான்?

'உத்தண்டத்தை ஆயுள் பரியந்தம் தீவாந்தரம் அனுப்பினார்கள். அவனோடு அத்தேசத்துப் பாவமும் கப்பலேறிற்று.' யார் முன்னால் படிக்கிறேன் என்பது படித்த பிறகுதான் உறைத்தது.

நாகரத்தினம் பாக்கைக் கீழே வைத்தாள். "தீவாந்தரம்னா எந்த ஊரு அக்கா? மெயின்லேண்ட்லயா?"

என்ன சொல்வேன்? "எங்கயோ, ரொம்ப தூரம்" என்றேன்.

"அச்சா. அங்க போயி என்ன ஆனான்?"

கடைசி வரை புரட்டினேன். கல்யாணம், ஊர்வலம், மங்களம். அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எதையோ தாண்டுகிறேன் என்று கோபித்துக்கொண்டு போனாள். பிரசங்கத்தைத் தாண்டினவளுக்கு இது வேண்டியதுதான்.

பதினைந்து வயதில் இந்த இடத்தில் 'அப்பாடா' என்றிருந்தது. இன்று ஆசிரியர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கப்பல் ஏறினவன் எங்கேயாவது இறங்க மாட்டானா?

4-7-67

சாயங்காலம் மறுபடி வந்தாள், அதே கேள்வியோடு. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கண் காட்டுவதற்குள், "தீவாந்தரமா? இதாம்மா, இந்த அந்தமான்தான்! உங்க தாத்தாவைக் கொண்டாந்து எறக்கினாங்களே!" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களுக்கு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கவே தெரியாதா? கேட்டுவிட்டேன். "உள்ளதைத்தானே சொன்னேன்" என்கிறார். உள்ளதுதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

7-7-67

வரவில்லை.

10-7-67

இன்றும் வரவில்லை. கிணற்றடியில் பார்த்தும் முகம் கொடுக்கவில்லை. கோபம் அவர்மேலா, பொய் சொன்ன என்மேலா, நாவல்மேலா? பேச ஆளில்லாமல் மத்தியானம் நகரவே மாட்டேன் என்கிறது. அந்தச் சனியனை அடுப்பில் போடலாம் என்றால், இருக்கிற ஈரத்தில் எரியக்கூட எரியாது.

13-7-67

வந்தாள், முறம் இல்லாமல். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். காதில் வாங்கவே இல்லை.

"தாத்தா இங்க காடு வெட்டினது, பாட்டியைக் கட்டினது, பெரார்கஞ்ச்ல நெல்லு போட்டது எல்லாம் எங்க வீட்டுல தெரியும் அக்கா. ஊருல என்ன பண்ணிட்டு வந்தாருன்னு மட்டும் எங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாராம்."

புத்தகத்தில் கப்பல் ஏறுகிற வரைக்கும் இருக்கிறது. அவள் வீட்டில் இறங்கினதிலிருந்து இருக்கிறது.

"நீ மொதல்லேர்ந்து படி. அந்தப் பொண்ணு விழுறதெல்லாம் வேணாம். அவன் வர்ற பக்கம் மட்டும் படி" என்றாள்.

20-7-67

மழை விடவில்லை. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

"ஜல்தி கண்ணாடியைப் போடு அக்கா. எங்க தாத்தா இன்னிக்கு யார் வீட்டுல பூந்தாரு?"