பத்து வாரக் கடிதங்கள்

நாள் 212. காலை 6:10
செவ்வாய்க் கிரகம், மேட்டு அஞ்சல் நிலையம். பதிவு: அல்லிராணி, தனிப்பொறுப்பு. காற்று சீர். அலைவாங்கி சீர். அனுப்பிய கடிதங்கள் நாற்பத்தொன்று.

கீழே பள்ளத்தாக்கு முகாமில் நாற்பத்தொரு பேர். சண்டைக்கு இறங்குமுன் ஒவ்வொருவரும் பத்து வாரத்துக்கான கடிதங்களை ஒரே மூச்சில் எழுதித் தந்துவிடுவார்கள். எந்திரம் வாரம் ஒன்றாக அனுப்பும். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

நாள் 214. மாலை 4:32
பள்ளத்தாக்கில் வெளிச்சம். பிறகு புழுதி. முகாமிலிருந்து என் நிலையத்துக்கு வரும் காற்றுக்குழாய் அறுந்தது. நாற்பத்தொரு உயிர்க்குறிகளும் நின்றுவிட்டன.

தலைமையகம்: "இழப்பு பற்றி ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது. கடிதங்கள் தொடரட்டும்."

சரி என்றேன். கல்லூரியிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சரி என்றவள்தான்.

நாள் 219. காலை 9:05
இருப்பில் உள்ள காற்று இன்னும் முப்பது நாளுக்கு. சிப்பாய் சுடலைமுத்துவின் அம்மா பிச்சம்மாளிடமிருந்து குரல்பதிவு. கேட்க வேண்டியவர் இல்லை. நான் கேட்டேன்.

"ஏலே சுடலை, ஒந் தம்பி கருத்தபாண்டி பட்டாளத்துல பேரு குடுத்துட்டு வந்து நிக்கான். ஒன் எடத்துக்கேதான் வருவானாம். வெள்ளிக்கிழம கப்பலு. அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ சும்மா இருந்தா சரின்னுதான் எடுத்துக்கிடுவேன்."

இந்த வாரம் போக வேண்டிய அவன் கடிதம்: "இங்க ஒரு கொறையும் இல்லம்மா. கறிச்சோறு போடுதாங்க."

அது போனாலும் சம்மதம். போகாவிட்டாலும் சம்மதம்.

நாள் 220. காலை 7:40
கடிதத்தை நிறுத்தினேன். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எல்லார் வீட்டு மனுவையும் அவரவர் சொல்லிலேயே எழுதித் தந்திருக்கிறேன். இன்று சுடலைமுத்துவாக எழுதினேன். சாவு, ஆபத்து என்றால் தணிக்கை எந்திரம் பிடித்துவிடும். ஆகவே இவ்வளவுதான்: "எம்மா, தம்பிய அனுப்பாத. இந்த எடம் அவனுக்கு ஆகாது."

போய்ச் சேர்ந்தது. வயிறாரச் சாப்பிட்டேன்.

நாள் 223. பகல் 1:15
கருத்தபாண்டியின் குரல். பின்னால் கூட்ட இரைச்சல்.

"எண்ணே, ஆகாத எடத்துல ஒன்ன மட்டும் விட்டுட்டு நான் இங்க புரோட்டா தின்னுட்டு கெடக்கவா? அம்மைய சமாளிச்சிட்டேன். கப்பல்ல ஏறியாச்சு. எனக்கும் சேத்து ஒரு படுக்க புடிச்சு வையி. ஒங் கொறட்டைய எப்பிடித்தான் சகிக்கப் போறேனோ!"

பகல் 1:50
உண்மையை எழுதினேன். பிச்சம்மாளுக்கு, கப்பலுக்கு. சுடலைமுத்து இறந்துவிட்டார். இங்கே யாரும் இல்லை. திரும்பிப் போங்கள்.

தணிக்கை தடுத்தது.

தலைமையகம்: "அல்லிராணி, உன் அனுப்பும் உரிமை ரத்து. இனி எந்திரம் பார்த்துக்கொள்ளும். மாற்றுப் படை வருகிறது."

முதல்முறையாக முடியாது என்றேன். அதுவும் போகவில்லை.

நாள் 241.
காற்று எட்டு நாளுக்கு. கப்பல் வர இன்னும் ஆறு மாதம். விரல் மரத்துப்போகிறது.

புதுச் சிப்பாய்களிடம் கப்பலிலேயே எழுதி வாங்கிய கடிதங்கள் வந்திறங்கின. எந்திரம் தேதியிட்டு அடுக்குகிறது. நிறுத்த முடியவில்லை. அழிக்க முடியவில்லை. படிக்க மட்டும் முடிகிறது.

கருத்தபாண்டி. முதல் வாரம். அனுப்பும் தேதி, கப்பல் இறங்கும் நாள்.

"எம்மா, வந்து சேந்துட்டேன். அண்ணன பாத்தேன். கொஞ்சம் எளச்சிருக்கான், மத்தபடி நல்லா இருக்கான். நீ ஒண்ணும் நெனைக்காத. நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருக்கோம்."