மாப்பிள்ளை பார்த்த வயிறு

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம் என்று எழுத முடியாது. வலது விலாவுக்குக் கீழே வலி. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கதிரைப் பாய்ச்சி உள்ளே வேகவைத்துவிடுவார்களோ என்று யோசனை. உங்கள் தொழில் அதுதானே, அதனால் கேட்கிறேன்.

டைல்ஸை விரலால் தட்டியே உள்வெடிப்பைக் கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கு எதற்கு மெஷின்? வீட்டுக்குப் போன் செய்தால் மகள் எடுத்துவிடுவாள் என்றுதான் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுகிறேன். நாலு வருஷமாகப் பேசாதவளிடம் வலியைச் சொல்லியா பேச்சை ஆரம்பிப்பது?

இப்படிக்கு,
மாமனார்

மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் தட்டுவதும் ஸ்கேனும் ஒரே வேலைதான். கதிர் கிடையாது, வெறும் ஒலி. நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் போனால் நம் காதுக்குக் கேட்காது; எங்கள் மெஷின் லட்சக்கணக்கில் அதிரும். உள்ளே போய்ப் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துப் படம் போடும். பித்தப்பையில் கல் இருந்தால் பளிச்சென்று தெரியும், பின்னால் நிழல் விழும். இதயமானாலும் வயிற்றுக் குழந்தையானாலும் இப்படித்தான் பார்க்கிறோம். கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதனால் ஜெல் தடவுவார்கள். கூச்சப்படாதீர்கள். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள்.

உங்கள் மகளிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

போனேன், சாப்பிட்டுவிட்டு. வெறும் வயிற்றோடு நான் எங்கேயும் பேச்சுவார்த்தைக்குப் போவதில்லை. பசித்த முகத்தைப் பார்த்தால் எதிராளி ஏறி உட்கார்ந்துவிடுவான்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டது ஸ்கேன் எடுக்கிற அம்மா.

"இல்லம்மா."

"இங்க தெரியுதுங்க. சாப்பிட்டதுல பித்தப்பை சுருங்கிக் கிடக்கு. நாளைக்கு வாங்க."

முப்பது வருஷ வியாபாரத்தில் என் பொய்யை இவ்வளவு சீக்கிரம் யாரும் பிடித்ததில்லை.

மறுநாள் போகவில்லை. வேறு ஏதாவது பெரிசாக இருந்தால் அதை முன்பின் தெரியாதவர் வாயால் கேட்கத் தைரியமில்லை. "இருட்டு ரூம்ல டிவி பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று பெண் கேட்டு வந்த உங்களைத் திருப்பி அனுப்பியவன் நான்; என்னை மீறித்தான் அவள் உங்களைக் கட்டிக்கொண்டாள். இப்போது கேட்கிறேன், நீங்களே பாருங்கள்.

மாமனார்

மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் வந்து சேர்ந்தேன். "கல்லுதான் மாமா, வேற ஒண்ணுமில்ல" என்று நீங்கள் சொன்னபோது ஜெல்லைத் துடைக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். சட்டை பாழ். உங்கள் வீடு பத்து நிமிஷ நடை என்று தெரிந்தும் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே நடக்கப்போகும் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை, வீட்டுக்கு. மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நானும் இன்று காலையில் மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். மூன்றாவது தடவை நம்பரையும் போட்டுவிட்டேன், மணி அடித்தது. "ஹலோ" என்றாள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள்,
மாமா