வீபோர்க் பஸ்ஸில் விடுபட்ட பெயர்

அன்புள்ள அத்தான்,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். உங்களை எரித்த நாளிலிருந்து அக்காவுக்காகத்தான் பேசாமல் இருந்தேன். "அவரே போயிட்டார், நீ ஏன்டா சனத்தைப் பகைக்கிறாய்?" என்று கேட்பார். போன சனிக்கிழமைக்குப் பிறகு அக்கா அப்படிக் கேட்பதில்லை.

அன்றைக்குத்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இந்த வருடக் கோடைச் சுற்றுலா நடந்தது. ஊரில் சண்டை முடிந்து, சனம் முள்ளுக்கம்பி முகாமுக்குள் கிடக்கிற வருடத்தில் சுற்றுலா எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்காகவாம்.

பிரெடெரிசியாவிலிருந்து சில்கெபோர்க் காடு, கூடெனோ ஆறு, பிறகு வீபோர்க் பழைய நகரம். வழக்கமாக நீங்கள் போகிற வழிதான். போனீர்கள், எதைப் பார்த்தீர்கள்? மற்றவர்கள் ஆற்றில் படகு விட, நீங்கள் வாகனத் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் சமைத்த ஆட்டுக்கறிச் சட்டிக்குக் காவல் நின்றீர்கள். "அடுத்த முறை ரெண்டு பேரும் படகில போவம்" என்று அக்காவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? அந்த ஆற்றைப் பார்க்கத்தான் அக்கா வந்தார். நான் துணைக்குப் போனேன்.

அழகான இடம்தான், அத்தான். காடு பச்சையாய் இறங்கி வந்து ஆற்றங்கரையில் நிற்கிறது. பள்ளத்தாக்கில் ஆறு அவசரமில்லாமல் வளைந்து போகிறது. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சண்டையின் கடைசி மாதங்களில், சங்கக் கூட்டத்தில் எழும்பி நீங்கள் என்ன பெரிதாகக் கேட்டீர்கள்? "ஆமி அடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லிக் கத்துறம், சரி. எங்கட இயக்கத்திட்டையும் சனத்தை வெளியில விடச் சொல்லிக் கேட்டால் என்ன?"

பதிலை அடுத்த ஒன்றுகூடலில் சொன்னார்கள். உங்கள் கறியை ஒருவரும் தொடவில்லை. அத்தனை வருடம் விரல் சூப்பித் தின்ற சனம், சோற்றையும் பருப்பையும் மட்டும் தின்றுவிட்டு எழும்பிப் போனது. நிறைந்த சட்டியை நீங்களும் நானும்தான் காருக்குத் தூக்கினோம். "உப்புக் கூடிப்போச்சுப் போல, மச்சான்" என்றீர்கள்.

சண்டை முடிந்த கிழமை உங்கள் இதயமும் நின்றது. செத்தவீட்டுக்கு உங்களோடு வேலை செய்த டெனிஷ்காரர் வந்தார்கள். கறி தின்றவர்கள் வரவில்லை.

பஸ் வீபோர்க்கை நெருங்கும்போது சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். இந்த வருடம் எங்களை விட்டுப் போனவர்களுக்கு அகவணக்கம் என்று எல்லோரையும் எழுப்பிவிட்டுப் பெயர்களை வாசித்தார். உங்கள் பெயர் இல்லை.

மற்றவர்கள் திரும்பச் சீட்டில் இருந்த பிறகும் அக்கா நின்றுகொண்டே இருந்தார். "தம்பி, இவற்ற பேரை விட்டிட்டியள்."

"குறை நினையாதேங்கோ அக்கா. இது போராட்டத்தில போன ஆக்களுக்கு."

"அப்ப உங்கட மாமியின்ர பேரை ஏன் வாசிச்சனீங்கள்? அவ புரொண்பி வீட்டுக் குளியலறையில வழுக்கி விழுந்தெல்லோ போனவ?"

பின் சீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர் மைக்கை நிறுத்தினார். "வீபோர்க் வந்திட்டுது, இறங்குங்கோ."

கல் பாவிய ஒடுங்கிய தெருக்களில் நாங்கள் இருவரும் தனியாக நடந்தோம். இரட்டைக் கோபுரத் தேவாலயத்தின் முன்னால் அக்கா நின்றார். "இவ்வளவு கிட்ட வந்து நிண்டும் அந்த மனுசன் இதைப் பாக்கேல்லையடா" என்றார். அழவில்லை. உங்கள் மேல் கோபம். எனக்கும்தான். உப்பென்று ஏன் சொன்னீர்கள்? அந்தச் சட்டியை அவர்கள் நடுவிலேயே கவிழ்த்திருந்தால் என்ன?

வருகிற கோடையில் அக்காவை நானே கூடெனோவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். சங்கமும் இல்லை, சட்டியும் இல்லை. படகில் ஏற்றி, ஆற்றின் நடுவில் வைத்து இருவரும் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லுவோம். இது என் வாக்கு.

இந்தக் கடிதத்தை அந்த பஸ்ஸில் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நாளைக்குத் தபாலில் போடுகிறேன். என் பெயரைப் போடமாட்டேன். பயத்தில் அல்ல. பெயரைக் கண்டால், இவன் திரும்பவும் தொடங்கிவிட்டான் என்று வாசிக்காமலே கிழித்துவிடுவார்கள். உங்கள் பெயரையும் எழுதவில்லை. கறி தின்றவர்களுக்கு ஆளைத் தெரியும். வாசிக்கிறபோது அவர்களே தங்கள் வாயால் அதைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
சட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கிய
உங்கள் மச்சான்