யீஷிங் மண், ஷாவ்ஷிங் மது

அன்பு மகள் பெய்லானுக்கு ஷாவ்ஷிங்கிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் குவோதாவும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். உன் தங்கை ரோங் போன பிறகு இதைவிட நல்ல வார்த்தை எனக்கு வரவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வரும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு மத்தியானம் படகுத்துறைப் பக்கம் சீட்டாடப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

டிராகன் படகுத் திருநாள் வந்து போனது. துக்க வீட்டில் இலைக் கொழுக்கட்டை கட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டு ஷென் அக்கா கடையில் வாங்கிக் கொண்டுவந்து தந்தாள். ஜியாஷிங் கொழுக்கட்டை. நம் ரோங் அந்த ஊர்க் கடையில்தானே நாள் முழுக்க நின்று இலை மடித்தாள், அந்த ஊர் மழையில்தானே ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாள். ஷென் அக்காவுக்கு அது தோன்றவில்லை, பாவம், நானும் வாங்கி வைத்தேன். அதே வாரம் குவோதாவின் அம்மா, உனக்கு மாமியாராக வரப்போகிறவர், யீஷிங்கிலிருந்து தேநீர்க் கெண்டி அனுப்பியிருந்தார். அவர்கள் ஊர்ச் செம்மண், கையில் எடுத்தால் வைக்க மனம் வராது, அவ்வளவு வழவழப்பு. அன்றைக்கு உன் அத்தையும் வந்திருந்தாள், அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே. "ஜியாஷிங்காரன் சோத்தை இலையில சுத்தி விக்கிறான், யீஷிங்காரி மண்ணைச் சுட்டு அனுப்பிட்டா, ஷிங்குன்னு முடியற ஊருக்கெல்லாம் பேர் சொல்ல ஒண்ணு இருக்கு. ஷாவ்ஷிங்காரி நீ பொண்ணு கல்யாணத்துல வெறுங்கையை வீசிக்கிட்டுப் போய் நிக்காதே அண்ணி" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். டொராண்டோவில் உன் முதலாளி உன்னைக் கெண்டி செய்கிற ஊர்க்காரி என்று எல்லோரிடமும் சொல்கிறார் என்று சிரித்தாயே, அவருக்கு எல்லா ஷிங்கும் ஒன்று. உன் மாமியாருக்கு அப்படி இல்லை. "எங்க மண்ணு, உங்க மது, ரெண்டும் ஒரே மேசையில இருக்கணும் சம்பந்தி. உங்க ஊர் வழக்கப்படி பொண்ணு பொறந்தப்போ மூடி வெச்ச மது ஜாடியை அவ கல்யாணத்துல திறக்கறதை என் கண்ணால பார்க்கணும்" என்று போனில் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வேன்.

உன் ஜாடி இல்லை பெய்லான். இதைத்தான் அப்பா உன்னிடம் சொல்லக் கூடாது என்கிறார். ரோங்கை எரித்துவிட்டு வந்து எல்லோரும் துக்கத்துக்குப் போடும் தோஃபுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கல்யாணம் ஆகாமல் போன பெண்ணின் மதுவை அன்றைக்கே திறந்து தீர்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்தப்பா மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்குப் போனார். உன் ஜாடியும் அவள் ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில், கழுத்தில் கட்டிய சிவப்புத் தாள் இரண்டிலும் மக்கிப் போயிருந்தது. ரோங்குடையது ஈரச் சுவரை ஒட்டி இருந்ததால் பாசி பிடித்துப் பழசாகத் தெரிந்திருக்கிறது. பழசு மூத்தவளுடையது என்று நினைத்து, புதுசாகத் தெரிந்ததைத் தூக்கி வந்து மூடியை உடைத்துவிட்டார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்க்கும்போது முற்றத்தில் உன் பியோனிப் பூ போட்ட ஜாடி பாதி காலி. எல்லோரும் அழுதுகொண்டே குடிக்கிறார்கள். என் கையிலும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். சித்தப்பாவைத் திட்டாதே, விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் நம் வீட்டு வாசல் தாண்டி உள்ளே வருவதில்லை.

இப்போது அறையில் இருப்பது ரோங்கின் ஜாடி மட்டும். உன் கல்யாணத்துக்கு முன்னால் அது வீட்டில் இருக்கக் கூடாதாம், இந்த மாதக் கடைசியில் சித்தப்பாவை வரச் சொல்லிக் கால்வாயில் கொட்டிவிடப் போகிறார் அப்பா. "கடையில ஒரு ஜாடி வாங்கிட்டாப் போச்சு. அதுலயும் ஷாவ்ஷிங்னுதானே எழுதியிருக்கு, எவளுக்குத் தெரியப் போகுது" என்கிறார். "அந்த எழுத்து ஊர் உலகத்துல எல்லாப் புட்டியிலயும்தான் இருக்கு. அதை எந்த அப்பன் எந்தப் பொண்ணுக்காக மூடினான்" என்று கேட்டேன். அதற்கு, "அந்த ஜாடி இருக்கற வரைக்கும் எனக்கு மூச்சு முட்டுதுடி, உள்ள அவ இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. சந்தைக்குக்கூட நான் போவதில்லை, அத்தைதான் கீரை வாங்கி வருகிறாள். நான் வெளியே போனால் பூட்டை உடைத்துவிடுவார் என்று பயம், வீட்டிலேயே இருந்தால் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படுத்தாலும் சாவி குத்துகிறது.

உன்னை ஒன்று கேட்கிறேன். யீஷிங்கில் உன் கல்யாண மேசைக்கு ரோங்கின் ஜாடியைக் கொண்டுவரட்டுமா? அதுவும் அப்பாவும் நானும் ஏரித் தண்ணீர் மொண்டுவந்து அரிசி அவித்துச் செய்ததுதான். உன் மாமியாரிடம் எதையும் மறைக்க மாட்டேன், இது யாருக்காக மூடியது என்று சொல்லித்தான் மேசையில் வைப்பேன். செத்த பெண்ணின் மது கல்யாணத்தில் எதற்கு என்று அவர்கள் முகம் சுளிக்கலாம், உனக்கே பயமாக இருக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் எனக்குப் பதில் எழுதாதே, சாவியை நானே சித்தப்பா கையில் கொடுத்துவிடுவேன், உன் மேல் மனக்குறை வைக்க மாட்டேன். சம்மதம் என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம், அப்பாவிடம் சொல். "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் கேட்காதவர் நீ சொன்னால் தட்ட மாட்டார்.

நீங்கள் இருவரும் வயிறு நிறைய, மனம் நிறைய, பிள்ளை குட்டிகளோடு நீண்ட நாள் வாழ வேண்டும். அங்கே இரவில் இன்னும் குளிர்கிறது என்றாய், மேலே ஒன்று போட்டுக்கொண்டு வெளியே போ. சித்தப்பா மாதக் கடைசியில் வருவார், மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா, ரோங்கின் அம்மா