எலும்பு சூப்புக்கு எத்தனை சிட்டிகை?

என் மகாராணி டிமகாட்சோ,

சுரங்கத்து லாரிகளின் சக்கரவர்த்தி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் நலமா?

நான் நலம்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, சாப்பாட்டு வரிசையில் யானை சாய்ந்ததுபோல் விழுந்தேன். அந்த அதிர்ச்சியில் பக்கத்து நாட்டில் தட்டுகள் உடைந்தனவாம். எனக்குக் கீறல்கூட இல்லை. "என்ன மாமா, களிய விட்டுட்டுக் கறியா தின்னீங்களே, காளை பழிவாங்கிடுச்சா?" என்றான் என்னோடு லாரி ஓட்டும் டெபோகோ.

இருபதாம் தேதி எடை பார்ப்பார்கள். தேறாவிட்டால் லாரியைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பம் தருவார்கள். அதற்காகத்தான் சோளக்களியை விட்டேன். சீக்கிரம் இளைக்கலாமென்று உப்பையும் விட்டேன். நர்ஸ் மொடிசே வெடித்துவிட்டார்: "களிய நிறுத்தினா உடம்புல இருக்கிற உப்பு தண்ணியோட போயிடும். நீங்க உள்ள போற உப்பையும் நிறுத்திட்டீங்களா? அதான் கால் இழுக்குது! உங்களுக்குத்தான் ரத்தக்கொதிப்பு இல்லையே, எலும்பு சூப்புல உப்புப் போட்டுக் குடிங்கய்யா!"

போட்டுத் தொலைக்கிறேன். ஒரு நாள் கடல்நீர், மறுநாள் கழுநீர். நேற்று மூன்று சட்டி சூப்பைக் கொட்டினேன். இருபத்தாறு வருடம் நீ உப்புப் போட்டதை ஒரு நாளாவது கவனித்தேனா, மடையன்!

பூசணி விதையும் காய்ந்த கீரையும் அனுப்பு. உப்பு மட்டும் போதாதாம். ஒரு சட்டிக்கு எத்தனை சிட்டிகை என்றும் எழுது. "அளவெல்லாம் எனக்கெங்க தெரியும், கைதானே போடுது" என்பாய். அப்படியானால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அந்தக் கையோடு நீயே வந்துவிடு. சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உன்
மோலெஃபே