குடிக்காதவரின் ஈரல்

விலாவுக்குக் கீழே குளிர்ந்த ஜெல்லி பட்டதும் உங்கள் நினைவுதான் வந்தது அண்ணா. சேலத்து ஸ்கேன் சென்டரில் வலது கையைத் தலைக்குமேல் வைத்து, மூச்சை அடக்கிப் படுத்திருந்தேன். கருவி விலா இடுக்கில் தட்டித் தட்டிப் பார்த்தது. வெளியே வெறும் வயிற்றோடு உங்கள் மகள் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

நீங்களும் இப்படித்தான் படுத்தீர்கள், காலம் கடந்துபோய். ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டிய கால்கள் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தன. வயிறு பானையாய் உப்பியிருந்தது. ஒளிந்து குடித்திருப்பார் என்றே ஜீப் ஸ்டாண்டில் பேசினார்கள். டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார். "சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்லீங்க" என்றீர்கள். அவர் நம்பினார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். அவரும் குடிக்காதவர், வயிறு வீங்கித்தான் போனார் என்றேன். குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு படியும், சில குடும்பங்களில் அந்த ஆபத்து பிறப்பிலேயே கூடுதல், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீயும் பாத்துக்க கண்ணு. எம்புள்ளையையும் கூட்டிட்டுப் போ." அந்த வாரமே போய்விட்டீர்கள்.

நான் போய்ச் சோதித்தபோது என் ஈரலும் லேசாக இறுகத் தொடங்கியிருந்தது. அதுமுதல் வருடாவருடம் அந்த மேசையில் படுக்கிறேன். உங்கள் மகளைத்தான் அண்ணி விடவில்லை. "மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்து போற நேரம் அம்மிணி. ஈரல் சீக்குன்னு தெரிஞ்சா யாரு கட்டுவாங்க?" என்றார். இன்று காலை நான் ஏறிய பஸ்ஸில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் முடிவு வந்தது. எனக்குப் போன தடவையைவிட இறுக்கம் கூடவில்லை. அவளுக்குக் கொழுப்பு படிந்திருக்கிறது, தழும்பு விழவில்லை. எடையைக் குறைத்தால் சரியாக வாய்ப்பு உண்டு, ஆனால் விடாமல் பார்த்துவர வேண்டும் என்றார் டாக்டர். பஸ் மலை ஏறும்வரை அவள் முடிவுத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

ஏற்காட்டில் இறங்கினோம். உங்களோடு ஜீப் ஓட்டிய ஒருவர் அவளை நலம் விசாரித்துவிட்டு, குடி ஒரு நல்ல மனுசனைக் கொண்டுபோய்விட்டது என்று பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளையின் ஊரான கரடியூரைச் சேர்ந்தவர்களும் அங்கே நின்றிருந்தார்கள். நான் அவள் கையை இழுத்தேன். அவள் நகரவில்லை.

"எங்கப்பா குடிக்கலீங்க. எங்க குடும்பத்து ஈரல் அப்புடி. எனக்கும் இருக்குது. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."



எங்களுக்கு முன்பே சேதி வீட்டுக்குப் போய்விட்டது. திட்டு விழும் என்று நின்றோம். அண்ணி மகளின் தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையை அள்ளி வைத்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் போன் வரவில்லை. பயம் என்னை விட்டுப் போகவில்லை அண்ணா. ஆனால் அடுத்த வருடம் நான் தனியாகப் போக மாட்டேன்.