மூணேகால் மணி நேரம்தாங்க்கா

சமையலறையில் இருந்தபடியே என்னை அதட்டும் என் அக்காவுக்கு,

டெல்லியில் இன்றைக்கும் பனிமூட்டம். ஜனக்புரி வீட்டு ஜன்னலில் எதிர்வீடு தெரியவில்லை. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. நான்தான் அந்த விமானத்தின் நடு இருக்கையிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

"ஏலே, எப்பம்ல வாற?" என்று நீ கேட்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். "தூத்துக்குடிக்கு ஏரோப்ளேன்ல மூணேகால் மணி நேரம்தாங்க்கா. நெனச்சா வந்துருவேன்." ஆறு வருஷமாக நினைத்தேன். வந்தேனா?

அந்தக் கணக்கு இணையத்தில் பார்த்தது. இரண்டு ஊர் பெயரைப் போட்டால், தூரம் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பறக்க மூன்றேகால் மணி நேரம் என்று காட்டும். நீ கண்ணை மூடிய காலையில் உன் மகன் முருகன் போனில் அழுதபோதும் அதைப் பார்த்துத்தான், "நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்றேன். ஊரும் நாலு மணிக்கு எடுப்பதென்று முடிவு செய்தது. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போடாமல் உன்னை எடுக்கக் கூடாதே. அப்பாவும் போன பிறகு அதைப் போட என்னை விட்டால் உனக்கு யார்?

நேரம் இருக்கிறதென்று கரோல் பாக்கில் கடை திறக்கும்வரை நின்றேன், மடையன். அரக்கு நிறத்தில் பட்டு எடுத்தேன். "ஷாதி கே லியே?" என்றார் கடைக்காரர். கல்யாணத்துக்குத்தான் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

டிக்கெட் போடும்போதுதான் தெரிந்தது, அப்படி நேராகப் போகும் விமானமே இல்லை. அது வரைபடத்தில் கோடு போட்டுக் கணக்கிட்ட நேரமாம். சென்னையில் இறங்கி வேறொன்றில் ஏற வேண்டும். சரி, ஆறு மணி வரை பொறுக்கிறோம் என்றார்கள் ஊரில்.

ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி ஓடுபாதை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். பனியால் வரிசை நீண்டு, எங்கள் முறை வரவே இல்லை. இறக்கி விடச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் கெஞ்சினேன். "பைட் ஜாயியே, சார்" என்று உட்கார வைத்தாள். இறங்கித்தான் எங்கே போவேன்? மூன்றேகால் மணி நேரமும் தரையிலேயே போயிற்று, அக்கா.

முருகன் கூப்பிட்டான். "மாமா, இருட்டுக்கு முன்ன எடுக்கணும்ங்காவ. பொறந்த வீட்டு ஆளு நீங்க சொல்லாம யாரும் தொட மாட்டாவளாம்."

மடியில் உன் புடவை. இரண்டு பக்கமும் முன்பின் தெரியாதவர்கள். "எடுத்துருங்கப்பா" என்றேன். பாவி, என் வாயாலேயே சொன்னேன்.

மறுநாள் நான் வந்து நின்றபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நடையில் ஈரம் காயவில்லை.

கோடிக்கென்று எடுத்த புடவையை உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுக்க முடியுமா? பீரோவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. என் மனைவி அதைத் தொடுவதில்லை, நானும்தான்.

போன வாரம் முருகன், "தெவசத்துக்கு எத்தன மணிக்கு வருவிய மாமா?" என்றான். மணிக்கணக்குச் சொல்லவில்லை. ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன், மூன்று நாள் முன்னதாகவே. புடவையை உன் படத்துக்குச் சாத்திவிட்டு, கடலில் விடுவேன். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டே இரு.

நினைத்தால் வந்துவிடுவேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன், அக்கா. கிளம்பிய பிறகுதான் சொல்வேன்.

கோடிப் புடவையோடு வரும்,
உன் கூடப்பிறந்தவன்